நம்ம தேருக்கு ‘ஜக்கர்நாட்’ என்ற பெயர் வேண்டாம்



இந்த வருஷம் வடம் பிடிக்கிற தம்பிங்க சட்டையில ‘ஜக்கர்நாட்’னு அடிக்கலாம்னு புலனக் குழுவுல கேட்டிருக்காங்க. “கெத்தா இருக்கும் அண்ணே”ங்கிறாங்க. தொண்டூழியர்கள் நாங்க ஒத்துக்க மாட்டோம். ஏன்னு சொல்றோம், முழுசா படிங்க.

அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள், எதிரில் வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும், தடுக்கவே முடியாத சக்தி. இங்கிலாந்தில் ராட்சத லோரிக்கும் அதான் பேரு. ஆனால் மூலம் எது? பூரி ஜெகந்நாதர்! உலகுக்கே நாதன் என்ற திருநாமம் இப்படி ஆகிவிட்டது.

14ஆம் நூற்றாண்டில் ஒடோரிக் என்ற ஐரோப்பியப் பாதிரியார், தேர்ச் சக்கரத்தில் பக்தர்கள் தாங்களே விழுந்து சாகிறார்கள் என்று எழுதினார். 1806இல் பூரிக்குப் போன புக்கானன் பாதிரியார் ஒரு சாவைப் பார்த்தார். அதை வைத்து ஜெகந்நாதரையே நரபலி கேட்கும் சாமி மாதிரி எழுதிப் பரப்பினார். ஆனால் ஸ்டர்லிங் என்ற வெள்ளைக்கார அதிகாரி நான்கு வருஷத் தேரோட்டம் பார்த்துவிட்டு எழுதிய கணக்கு மூன்றே பேர். ஒன்று விபத்தாக இருக்கலாம், மற்ற இருவரும் தீராத நோயாளிகள் என்றார். அந்தக் கணக்கு எடுபடலை, கதைதான் நின்னுச்சு. இதுல வேடிக்கை, அதே பூரி பக்தர்களிடம் கும்பெனி அரசு 1840 வரை யாத்திரை வரி வசூலித்தது. காசு மட்டும் இனிச்சுதா?

தொழிற்சாலையில ஒருத்தருக்கு அடிபட்டா, எங்கே தப்புன்னு பார்ப்போம். “இந்த மெஷின் மனுஷனைத் தின்னும்”னு போர்டு மாட்ட மாட்டோம். அந்தப் போர்டைத்தான் தம்பிங்க நெஞ்சுல மாட்டிக்கப் பார்க்கிறாங்க.

சட்டையை மாத்தினா மட்டும் போதாது. தேர் ஓடும்போது செல்ஃபி எடுக்க சக்கரத்துக்கிட்ட போகாதீங்க. சின்னப் பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்க. கட்டை போடுறவர் விசில் ஊதினா வடத்தை விட்டுடுங்க. நம்ம அலட்சியத்தால ஒருத்தர் கால் போனாலும் அந்தப் பழஞ்சொல்லுக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்.

தடுக்க முடியாத தேராம்! வாசல்ல ஒரு பாட்டி அர்ச்சனைத் தட்டோட நின்னா, நம்ம தேர் நின்னு தீபாராதனை காட்டிட்டுத்தான் நகரும். சட்டையில ‘தேர்’னே போடுங்க தம்பிங்களா. அது போதும்.