கைத்துணியும் கல்வியே!

"படிப்பு ஏறாத பெண்ணா? தையலோ சாயமோ கற்றுக்கொள்ளட்டும்!" நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கைவேலைக்கு அறிவு வேண்டாம், அறிவுள்ள பெண்ணுக்குக் கைவேலை வேண்டாம் என்று இரண்டு அநியாயங்கள் இதில் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் நான் மறுக்கிறேன். எனக்கு இதைக் கற்றுத் தந்தவை ஆறு கைத்துணிகள்.

சென்ற கிறிஸ்மஸ் விருந்துக்காக, அப்பாவின் பழைய வேட்டியை ஆறு சதுரங்களாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். மஞ்சள் தூள் கரைத்த வெந்நீரில் முக்கி எடுத்ததும் பொன்னிறம் மின்னியது. வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மறுநாள் சோப்புப் போட்டதும் துணிகள் சிவந்துவிட்டன! அலசிக் காயப்போட்டேன், நாலைந்து நாள் வெயிலில் இருந்த நிறமும் வெளுத்துப் போயிற்று. "படிக்கிற நேரத்தில் இதெல்லாம் உனக்கு எதற்கம்மா?" என்றார் அப்பா.

ஆனால் நடந்ததற்கு விடை பாடப் புத்தகத்திலேயே இருந்தது! காரத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் தாளைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? சோப்பிலும் காரம் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான். ஆரத்தி எடுக்கும் கைகள் எத்தனையோ! "ஏன் சிவக்கிறது?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

மீண்டும் முயன்றேன். துணியைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்துக் கஞ்சியையும் அழுக்கையும் போக்கினேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் என்ற கணக்கில் நீரில் ஊறவைத்து உலர்த்தினேன். பின்பு 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்தேன். படிகாரம் பருத்தியில் எளிதில் ஒட்டாது. கடுக்காயின் துவர்ப்பு துணியில் படிகாரத்தை நிலைக்க வைக்கிறது. படிகாரம் சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. அழகுக்காக, மதுரைச் சுங்குடி போலத் துணியை ஆங்காங்கே கிள்ளி, நூலால் இறுகக் கட்டி, வெங்காயச் சருகு கொதித்த நீரில் இட்டேன். முடிச்சுகளை அவிழ்த்தபோது தேன் நிறத்தின் நடுவே வெளிர் புள்ளிகள் பூத்திருந்தன. இதற்கு இரும்புச் சட்டி ஆகாது. இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் கறுத்துவிடும். சாயத்துக்கென வைத்த பாத்திரத்தில் சமைக்கவும் கூடாது.

இது பொழுதுபோக்கா? 1742-ஆம் ஆண்டிலேயே இயேசு சபைக் குருவான கேர்தூ அடிகளார், சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணமேற்றும் முறையைப் பிரான்சு நாட்டுக்கு விரிவான கடிதமாக எழுதினார். கடுக்காயும் எருமைப் பாலும் அதில் இடம் பெற்றன. அவர் அதைக் கேட்டறிந்தது அத்தொழில் செய்த நம் மக்களிடம்தான். படித்த குருவானவர் உட்கார்ந்து கேட்டு எழுதிய அறிவை, நாம் "படிப்பு ஏறாதவர்களுக்கு" என்று ஒதுக்கலாமா?

பெற்றோரே, மகள் சாயச் சட்டியின் முன் நின்றால் படிப்பைக் கெடுக்கிறாள் என்று எண்ணாதீர்கள். மகனையும் அங்கே நிற்க விடுங்கள். அன்புச் சகோதரியரே, கைவேலைக் கண்காட்சியில் துணியின் அழகுக்கு மட்டும் பரிசு தராமல், "இந்த நிறம் ஏன் நிற்கிறது?" என்றும் எங்களைக் கேளுங்கள். தோழியரே, துணி கெட்டுப் போனால் வெட்கப்படாதீர்கள். கெட்ட காரணத்தைத் தேடுங்கள்.

என் கைத்துணிகள் பலமுறை துவைத்தும் நிறம் போகவில்லை. சற்று மங்கியிருக்கின்றன, அவ்வளவே. இந்தக் கிறிஸ்மஸுக்கு அப்பா தாமாகவே இன்னொரு பழைய வேட்டியை எடுத்துத் தந்திருக்கிறார். தம்பி முடிச்சுப் போடுகிறான்.