அசல் எது என்று கேட்பவர் யார்?

கோடை விடுமுறை தொடங்கியதும் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கு நோக்கி வாகனத்தில் புறப்படுகின்றன. நள்ளிரவுச் சூரியனைக் காண்பதும், வடமுனைக் குன்றில் நின்று படம் எடுப்பதும் இப்பயணத்தின் நோக்கங்கள். வழியில், பின்மார்க்கின் நெடுஞ்சாலையோரத்தில், லாவ்வு எனப்படும் கூம்புக் கூடாரமும், பனிமான் தோல் விரித்த கடையும், நீலமும் சிவப்புமான உடையணிந்த ஒருவரும் தென்படுவர். வாகனம் நிறுத்தப்படும், படம் எடுக்கப்படும். மீண்டும் ஏறி அமர்ந்தபின், பின்னிருக்கையிலிருந்து ஒரு கேள்வி எழும்: "இவர்கள் உண்மையான சாமி மக்கள்தானா, அல்லது எங்களுக்காக வேடம் போட்டவர்களா?" (சாமி என்ற சொல் தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தருவதால் பிள்ளைகள் முதலில் சிரிப்பதும் உண்டு.)

கேள்வி பழையது. 1875 ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரின் விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக், சாமிக் குடும்பமொன்றைப் பனிமான்களுடன் அழைத்து வந்து, கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைத்தார். காண வந்தோர், இம்மக்கள் நடிக்கவில்லை, இயல்பாகவே வாழ்கின்றனர் என்று வியந்தனர். அவ்வியப்பே அவருடைய வணிகத்தின் முதலீடாயிற்று. 1880களில் அதே ஹாகன்பெக் இலங்கையிலிருந்தும் யானைகளையும் மனிதர்களையும் கப்பலேற்றி ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு நிறுத்தினார். வேலியின் எந்தப் பக்கத்தில் நிற்கின்றோம் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடியது என்பதை இத்தகவல் உணர்த்தும்.

எனினும், பின்னிருக்கைப் பிள்ளையின் ஐயத்தைப் பிழையென்று ஒதுக்கிவிடவும் இயலாது. அதில் ஒரு பாதி நியாயமானது. பின்லாந்தின் ரொவானியெமியை அண்டிய சுற்றுலாத் தலங்களில், சாமியர் அல்லாத பணியாளர்கள் சாமி உடையைப் போன்ற ஒன்றை அணிந்து, இல்லாத சடங்குகளைச் செய்துகாட்டிப் பணம் ஈட்டியமை குறித்துச் சாமி அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கண்டனம் தெரிவித்து வந்துள்ளன. நோர்வேயின் பனிமான் வளர்ப்புப் பகுதிகளில் அத்தொழில் சாமி மக்களுக்கே உரியது; பின்லாந்தில் அவ்வாறான தனியுரிமை இல்லை. ஆகவே அங்கு பனிமான் பண்ணை என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் சாமியர் வீட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணுவது தவறு. பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018 இல் சுற்றுலாவுக்கான ஒழுக்க நெறிகளை வெளியிட்டதற்கு இத்தகைய சுரண்டலே காரணம். காக்தி எனப்படும் அவ்வுடை வெறும் அலங்காரம் அன்று. அணிபவர் எந்தப் பகுதியினர், எந்தக் குடும்பத்தினர் என்பதை அதன் தையலும் பட்டிகளும் சொல்லும். சில இடங்களில் இடைப்பட்டியின் குமிழ்கள் வட்டமா சதுரமா என்பதைக் கொண்டே அவர் மணமானவரா என்பதையும் அறியலாம். அதைத் தொழிற்சாலைத் துணியில் வெட்டி ஒட்டி அணிபவரை நோக்கி "இது யாருடையது, இலாபம் யாருக்குச் செல்கின்றது?" என்று கேட்பது பயணியின் உரிமை. கடமையும்கூட.

மற்றைய பாதியே சிக்கலானது. பனிமான் மேய்ப்பவர் பனி உந்தில் வருகின்றார், கைத்தொலைபேசி வைத்திருக்கின்றார், மந்தையைத் தேட வானூர்தி போன்ற சிறுகருவியைப் பறக்கவிடுகின்றார், ஆகவே இவர் அசலானவர் அல்லர் என்று முகம் சுளிக்கும் பயணிகள் உள்ளனர். பனி உந்து 1960களிலேயே அம்மேய்ப்பரின் அன்றாடக் கருவியாகிவிட்டது. அதைவிட முக்கியமாக, சாமி மக்களில் மிகச் சிறு பகுதியினரே பனிமான் வளர்ப்பவர். பெரும்பான்மையினர் ஆசிரியராக, தாதியாக, மீனவராக, அலுவலராக ஒஸ்லோவிலும் துரொம்ஸோவிலும் வாழ்கின்றனர். ஒரே மாடிக்குடியிருப்பில் தமிழருக்கு அயலவராக இருப்பவர் சாமியராக இருக்கக்கூடும். அவரைப் படமெடுக்க எவரும் வாகனத்தை நிறுத்துவதில்லை.

இலங்கையிலும் இதே நிலைதான். விடுமுறையில் செல்லும் புலம்பெயர் குடும்பங்கள் தம்பானைக்குச் சென்று, தோளில் கோடரியுடன் நிற்கும் வேடுவ முதியவரோடு படமெடுத்துத் திரும்புகின்றன. வாகரையிலும் மூதூர்ப் பகுதியிலும் தமிழே பேசி, மீன்பிடித்தும் வேளாண்மை செய்தும் வாழும் கரையோர வேடரைத் தேடிச் செல்வோர் அரிது. அவர்களிடம் கோடரி இல்லை என்பதே காரணம்.

1980களில் ஈழத்திலிருந்து வந்த இளைஞர் பலர் பின்மார்க்கின் கரையோரத் துறைமுகங்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். அக்கரையோரங்களின் பழங்குடியினருள் சாமி வழித்தோன்றல்களும் உண்டு. தம்மைச் சாமியர் என்று அழைத்துக்கொள்ளவே தயங்கிய தலைமுறை அது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1880 இலும் 1898 இலும் பிறப்பிக்கப்பட்ட அரச அறிவுறுத்தல்கள் பாடசாலையில் சாமி மொழியை ஒடுக்கின. 1902 ஆம் ஆண்டின் சட்டம், நோர்வேஜிய மொழி அறியாதவருக்கு பின்மார்க்கில் அரச நிலம் விற்பதைத் தடுத்தது. மொழியைப் பறித்த அரசே பின்னர், "மொழி தெரியாத நீ எப்படிச் சாமியன்?" என்று கேட்கும் நிலையை உருவாக்கிற்று. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூனில் தன் அறிக்கையைக் கையளித்தது; 2024 நவம்பரில் நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. இன்று சாமி நாடாளுமன்றத்தின் வாக்காளராகப் பதிய, ஒருவர் தம்மைச் சாமியராக உணர்வதோடு, அவரோ, பெற்றோரோ, பேரரோ, பூட்டரோ சாமியை வீட்டுமொழியாகக் கொண்டிருந்தால் போதுமானது.

பூட்டர் வரை செல்லும் அவ்விதியைத் தமிழ்ப் பெற்றோர் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நலம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினர் முன்னிலையில், தட்டித் தடுமாறித் தமிழ் பேசும் பதினைந்து வயதுப் பிள்ளையை "இதெல்லாம் தமிழோ?" என்று எள்ளி நகையாடுவது எத்தனை வீடுகளில் நிகழ்கின்றது! அதே பிள்ளை, பாடசாலையின் பன்னாட்டுப் பண்பாட்டு நாளில் பட்டுடுத்தி, பொட்டிட்டு, மேசையில் வடை பரப்பி நிற்கும்போது, நோர்வேஜிய ஆசிரியர்களின் கண்ணுக்கு முழுமையான தமிழர். மறுநாள் காற்சட்டையுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது அவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நெடுஞ்சாலையோரக் கூடாரத்தின் முன் நிற்பவரின் நிலையை இளையோர் பெற்றோரைவிட விரைவில் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஜூலையில் வடக்கே செல்வோர், கோபியோர்ட் என்ற சிற்றூராட்சிக்கும் செல்லலாம். அங்கே கரையோரச் சாமி இளைஞர்கள் 1991 இல் தொடங்கிய ரித்து ரித்து விழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1944 இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் பின்மார்க்கையும் வட துரொம்ஸையும் எரித்தபோது வீடுகளோடு பழைய உடைமைகளும் சாம்பலாயின. எஞ்சிய படங்களையும் குறிப்புகளையும் கொண்டு இப்பகுதியினர் தம் உடையைப் புதிதாக வடிவமைத்துத் தைத்தனர். அது அசலா என்று கேட்டவர்களும் இருந்தனர். ஊர்ப் பெயர் சாமி மொழியிலும் எழுதப்பட்டபோது, அப்பெயர்ப்பலகை மீண்டும் மீண்டும் துப்பாக்கியால் சுடப்பட்டது. 1958 இல் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பாட்டனார் எவரேனும் வாகனத்தில் இருப்பாராயின், அத்துளைகளின் கதையைப் பிள்ளைகளுக்கு அவரே விளக்குவார்.