வக்கீலுக்குப் படிச்சா யாரு கட்டிப்பா?

போன வாரம் மதுரையிலிருந்து மச்சான் போன். தங்கமணியின் அண்ணன். நலம் விசாரிப்பு, மழை விசாரிப்பு எல்லாம் முடிந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அப்புறம் மாப்ள, பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே?"

"இல்ல மச்சான், லா படிக்கணும்ங்கிறா."

அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏன் மாப்ள, மார்க் ஏதும் கொறஞ்சிருச்சா?"

பத்தாவதில் 96 சதவீதம் வாங்கிய பெண். அதைச் சொன்னதும் அவருக்குக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. "அப்புறம் எதுக்கு மாப்ள? நாளைக்கு யாரு கட்டிப்பா?" என்று கேட்டுவிட்டு போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொன்னார். அதன்பிறகு என் வீட்டில் நடந்ததை இங்கே எழுதுவதாக இல்லை.

மச்சானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெங்களூரில் பொட்டி தட்டிக் கொண்டிருக்கும் நம் ஆட்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக. எங்கள் அபார்ட்மெண்ட்டில் முப்பது தமிழ்க் குடும்பமாவது இருக்கும். பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் பேச்சு மூன்றே ஊர்களைச் சுற்றி வரும். பிலானி, வேலூர், சூரத்கல். பையனுக்கு இருபது லட்சம் கொடுத்து மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சீட் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெண் சட்டம் படிக்கப் போகிறாள் என்று சொன்னால் மட்டும் "ஓ... நைஸ்" என்று இழுத்துவிட்டு வடையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இத்தனைக்கும் நாகரபாவி இங்கிருந்து ஒரு ஆட்டோ தூரம். நேஷனல் லா ஸ்கூல் அங்கேதான் இருக்கிறது. ஐஐஎம் பன்னேருகட்டா ரோட்டில் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நம் மக்கள், நாகரபாவி வழியாக நூறு முறை போயிருந்தும் அந்தப் பலகையைப் படித்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன் என்ற திருவனந்தபுரத்துக்காரர் தொடங்கி வைத்த கல்லூரி அது. முதல் பேட்ச் 1988-ல் உள்ளே வந்தது. பிளஸ் டூ முடித்ததும் நேராக ஐந்து வருடப் படிப்பு, நுழைவுத்தேர்வு எழுதித்தான் சீட். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் லா என்றிருந்த நாட்டில், முதல் விருப்பமே லா என்று பிள்ளைகளை வரவைத்த மனிதர் மேனன். அதைப் பார்த்துத்தான் இன்று இருபதுக்கு மேல் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் வந்திருக்கின்றன. திருச்சியிலும் ஒன்று உண்டு.

அங்கே படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

முதல் பேட்ச்சில் படித்த தயான் கிருஷ்ணன், 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்காக அரசுத் தரப்பு சிறப்பு வழக்கறிஞராக விசாரணை நீதிமன்றத்தில் நின்றார்.

அரவிந்த் நரேன் இதே பெங்களூரில் 2000-ல் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் தொடங்கியவர்களில் ஒருவர். பணம் இல்லாதவனுக்கும், ஊர் ஒதுக்கியவனுக்கும் வழக்கு நடத்தும் இடம் அது.

லாவண்யா ராஜாமணி ஆக்ஸ்ஃபோர்டில் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டப் பேராசிரியர். 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் வாசகங்களை உருவாக்கிய குழுவில் இருந்தவர். நந்தன் காமத் விளையாட்டுச் சட்டம் பக்கம் போய், 2008-ல் கோஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கி இளம் வீரர்களுக்குக் கை கொடுத்தார். கௌதம் பாட்டியா அரசியல் சட்டம் பற்றிப் புத்தகம் எழுதுவார், நடுவில் 2020-ல் ஒரு அறிவியல் புனைகதை நாவலும் எழுதினார். சுதிர் கிருஷ்ணசுவாமி 2019-ல் தான் படித்த கல்லூரிக்கே துணைவேந்தராகத் திரும்பி வந்தார்.

மேனகா குருசாமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 377-வது பிரிவை எதிர்த்து 2018-ல் ஐஐடியில் படித்தவர்களும் படிப்பவர்களுமாக இருபது பேர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்காக எழுந்து நின்று பேசியவர் மேனகா. அதே வழக்கில் வேலை செய்த அருந்ததி கட்ஜுவும் அதே நாகரபாவிதான். 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பு வந்தது. மக்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நாம் எந்த ஐஐடியைக் கனவில் கும்பிடுகிறோமோ, அங்கே படித்தவர்கள் மானத்தோடு வாழ உரிமை கேட்டுப் போய் நின்றது ஒரு வக்கீலிடம்.

ஷம்நாத் பஷீர் கொல்லத்துக்காரர். நோவார்ட்டிஸ் கம்பெனி இரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கு இங்கே காப்புரிமை கேட்ட வழக்கு சென்னை பேட்டண்ட் ஆபீஸில் ஆரம்பித்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போனபோது எந்தக் கம்பெனியையும் சேராத பேராசிரியராக நின்று வாதாடினார். 2013 ஏப்ரலில் நோவார்ட்டிஸ் தோற்றது. அந்த மனிதர் 2010-ல் ஒரு வேலை செய்தார். இந்தப் பெரிய சட்டக் கல்லூரிகளில் இங்கிலீஷ் பேசுகிற வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் நிரம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி கொடுத்து உள்ளே அனுப்ப 'ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2019-ல் நாற்பதுகளிலேயே போய்விட்டார்.

ஒரே கல்லூரி, ஒரே பட்டம். நம் பிள்ளைகளைச் சேர்க்கத் துடிக்கும் கல்லூரிகளிலிருந்து நூறு பேர் வெளியே வந்தால் எத்தனை விதமான வாழ்க்கைக்குப் போகிறார்கள்? ஆணி பிடுங்குவதில் நானும் இருபது வருட சர்வீஸ், அதனால் தைரியமாகக் கேட்கிறேன்.

"அதெல்லாம் நேஷனல் லா ஸ்கூல் சார், நம்மூர் சட்டக் கல்லூரி அப்படியா?" என்பார்கள். நம்மூர் என்றதும் ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று வடிவேலுவின் வண்டு முருகன். இன்னொன்று 2008 நவம்பரில் சென்னை சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்கள் கட்டையால் அடித்துக்கொண்டதும், போலீஸ் வேடிக்கை பார்த்ததும். அதை டிவியில் பார்த்த எந்த அப்பனுக்கும் வயிறு கலங்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1891-ல் தொடங்கிய அதே கல்லூரியில்தான் ஜனாதிபதியான ஆர். வெங்கட்ராமன் படித்தார். வி.ஆர். கிருஷ்ணய்யர் படித்தார், தலச்சேரியில் ஏழைகளுக்கு வழக்காடி, ஜெயிலுக்கும் போய், 1957-ல் கேரள மந்திரியாகி, பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். பொள்ளாச்சியில் வளர்ந்து கோவை அரசு சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன், 2023-ல் வக்கீலாக இருந்து நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். வண்டு முருகனைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாதது யார் தப்பு?

இப்போது என் சொந்தக் கதை. எங்கள் ஊரில் அப்பாவுக்கு ஒரு வண்டிப்பாதை வழக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டுப் பாதையை மறித்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் பதினான்கு வருடம். வாய்தா, வாய்தா, வாய்தா. எங்கள் வக்கீல் பாதி நாள் வரமாட்டார், வந்தாலும் கட்டைப் படித்திருக்க மாட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போவார், சாயங்காலம் பேசாமல் திரும்பி வருவார். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று எங்கள் குடும்பமே கூடி ஒரு முடிவுக்கு வந்தது. "இந்த வக்கீல் பொழப்பே வேணாம்டா சாமி, நம்ம பிள்ளைக யாரும் அந்தப் பக்கம் போயிரக் கூடாது." நானும் தலையாட்டினேன்.

இத்தனை வருடம் கழித்து எனக்கு உறைக்கிறது, அது எவ்வளவு முட்டாள்தனமான முடிவு என்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் சரியில்லை என்றால் நம் பிள்ளை நல்ல டாக்டராகட்டும் என்கிறோம். கோர்ட்டில் வக்கீல் சரியில்லை என்றால் மட்டும் நம் பிள்ளை அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறோம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கோடு அடிக்க அனுப்பிவிட்டு, கோர்ட்டில் நல்ல ஆளே இல்லை என்று புலம்ப நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு கூட்டத்தின் மேல். நேஷனல் லா ஸ்கூல் என்றால் என்ன என்று கண்டுபிடித்துவிட்டவர்கள். "சார், கார்ப்பரேட் லா ஃபர்ம்ல ஸ்டார்ட்டிங்கே ஐடியைத் தூக்கிச் சாப்பிடும்" என்று கண்கள் பளபளக்கச் சொல்வார்கள். இவர்களுக்கு லாவும் இன்னொரு கம்ப்யூட்டர் சயின்ஸ், அவ்வளவுதான். மாதவ மேனன் ஆசைப்பட்டது நல்ல வக்கீல்கள் கீழ்க்கோர்ட்டு வரை போய்ச் சேர வேண்டும் என்று. பெரும்பாலோர் கம்பெனிகளுக்குப் போனதில் அவருக்கே வருத்தம் இருந்தது, 2019-ல் மறைந்தார். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ், அதற்கு ஒரு கல்விக்கடன். ஜூனியர் வக்கீலுக்கு நகரத்தில் மாதம் இருபதாயிரம், கிராமத்தில் பதினைந்தாயிரமாவது கொடுங்கள் என்று பார் கவுன்சில் 2024-ல் பரிந்துரை செய்யவேண்டிய நிலைமை. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

பெரிய வீரன் மாதிரி எழுதிவிட்டேன். உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன், படித்து முடித்து என்ன செய்வாய் என்று. "தாத்தா கேஸ் நடந்துச்சே, அந்த மாதிரி கோர்ட்டுல பிராக்டிஸ் பண்ணணும்பா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "முதல்ல ரெண்டு வருஷம் ஏதாவது ஃபர்ம்ல..." என்று என் வாயே ஆரம்பித்துவிட்டது. மச்சானுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே இது உங்களுக்கு எழுதியதைப் போலவே எனக்கும் எழுதியது. நாம் ஊரைவிட்டு வந்து சம்பாதித்தோம். வீடு, கார், அடுத்த வீடு எல்லாம் ஆயிற்று. ஒரு பிள்ளை ஐந்தாறு வருடம் சம்பளம் கம்மியாக வாங்கிக்கொண்டு தொழில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு நம்மில் பலரிடம் வசதி இருக்கிறது. நம் அப்பாக்களிடம் அது இல்லை. வசதி வந்த பிறகும் பயந்து கொண்டே இருந்தால், எதற்கு இத்தனை வருடம் சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்றோம்?

டிசம்பரில் கிளாட் தேர்வு. தேர்வு மையத்துக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். மச்சானுக்கும் சொல்லிவிட்டேன்.

டிஸ்கி: "யாரு கட்டிப்பா" என்ற கேள்விக்கு மகளின் பதில்: "மாமாகிட்ட சொல்லுங்கப்பா, ஜாமீன்னு வந்தா ஃபீஸ் வாங்க மாட்டேன்னு." தங்கமணி சிரித்துவிட்டாள். பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.