மேண்டிலை நசுக்கியவர் கேட்ட கேள்வி

போன ஞாயிறு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. யாருக்கும் தெரியாத பத்து ரகசியக் கடற்கரைகளாம். நாலாவது இடத்தில் முட்டம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்த முட்டம். ஐந்து வருஷம் கழித்து 'கடலோரக் கவிதைகள்' வந்தபோது, எங்கள் தெரு டீ மாஸ்டர் பாறை பாறையாக அடையாளம் சொன்ன முட்டம். அது ரகசியமாம். அங்கே தலைமுறை தலைமுறையாக வலை இழுக்கிறவர்கள் இந்த 'யாருக்கும்' என்பதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

ஆறாவது, லெமூர் பீச். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்கள் 'ஐயோ, மறுபடியுமா' என்று பக்கத்தைப் புரட்டப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஒரே ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். கணபதிபுரம் கடற்கரை என்று வாய் நிறையச் சொல்ல ஒரு பெயர் இருக்கும்போது, மடகாஸ்கர் காட்டில் மரத்துக்கு மரம் தாவுகிற ஒரு பிராணியின் பெயர் எதற்கு? லெமூரின் எலும்பு மடகாஸ்கரிலும் கிடைக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது, நடுவில் ஒரு கண்டம் மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் கணக்குப் போட்டார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. விஞ்ஞானம் கைவிட்ட பெயரை நாம் கடற்கரைக்கு வைத்திருக்கிறோம். முடிந்தது. இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். (மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.)

கோபம் தாங்காமல் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினேன். "பட்டியலைத் திட்டிக்கிட்டே அதுல போட்டிருக்கிற எடத்துக்கே போறீங்க" என்றாள் மனைவி. நாகர்கோவிலில் அவள் தம்பி இருக்கிறான். மறுநாள் சாயங்காலம் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து முட்டம் போய்ச் சேர்ந்தேன்.

முட்டத்தைப் படத்தில் பார்ப்பவர்களுக்குப் பாறைதான் தெரியும். நேரில் போனால் முதலில் கண்ணில் அடிப்பது மண்ணின் சிவப்பு. செம்மண் மேடு, மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கிறது. அதன் தலையில் கலங்கரை விளக்கம். மேட்டிலிருந்து இறங்கினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள், இரண்டு பாறைக் கூட்டத்துக்கு நடுவே பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு துண்டு மணல். அலை பாறையில் மோதும்போது ஓசை முதலில் காலுக்குத்தான் கேட்கிறது, அப்புறம்தான் காதுக்கு.

நான் ஒரு பாறையின் நுனியில் போய் நின்றேன். கீழே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையசைத்தார்.

"அங்ஙன நிக்காதீங்க. அல சொல்லிட்டா வரும்?"

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷூட்டிங் எடம் பாக்க வந்தீங்களா?"

"கடலப் பாக்க வந்தேன் அண்ணாச்சி."

"அத இங்க வந்துதான் பாக்கணுமா" என்று ஊசியை எடுத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவருக்கு வேலை இருந்தது. இருட்டும் வரை அந்தப் பிறை மணலில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் மறைந்த விதத்தை நான் எழுதப்போவதில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது மைத்துனன் வீட்டுக் குளியலறையைப் பற்றி. "அண்ணே, கால வெளியிலயே கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா" என்றாள் அவன் மனைவி. வேட்டி மடிப்பை உதறிய இடத்தில் வெள்ளை டைல்ஸ் மேல் ஒரு பிடி மண். குனிந்து பார்த்தேன். அது மணல் நிறமாகவே இல்லை. பெரும்பாலும் கறுப்பு, நடுவே மாதுளை விதையை நுணுக்கியது மாதிரி சிவப்பு, தேடினால் அங்கங்கே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு துகள்.

கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். தேன் நிறம் மோனசைட்டாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் நைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்த மண் இது. எங்கள் வீட்டில் ஆச்சி அரிக்கன்சட்டியில் அரிசி களைவதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். ஆட்ட ஆட்ட, கனமில்லாத அரிசி தண்ணீரோடு போகும். கனமான கல் அடியில் தங்கும். முட்டம், கடியப்பட்டினம், மணவாளக்குறிச்சிக் கரையில் கடல் அந்த வேலையைத்தான் செய்கிறது. இடவப்பாதி மழைக்காலத்து அலை, லேசான மணலை இழுத்துப் போய்விட்டுக் கனமான கருமணலை விட்டுப் போகிறது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளரும் என்னை மாதிரித்தான் ஒட்டிவந்த மண்ணைப் பார்த்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் மண் ஒட்டியிருந்தது. அதில் மின்னிய துகள் மோனசைட். அடுத்த ஓரிரு வருஷத்தில் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

இத்தனை அவசரம் எதற்கு? மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அன்று தோரியத்துக்கு ஒரே பெரிய வேலை, விளக்கு எரிப்பது. ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட பக்குவம்: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. இந்த இரண்டு உலோகங்களின் நைட்ரேட் உப்புக் கரைசலில் ஒரு நூல் பையை ஊறவைத்து உலர்த்திக் கொளுத்தினால் நூல் எரிந்து போகும். பையின் வடிவம் மட்டும் ஆக்சைடுச் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பல் 3,300 டிகிரி வரை உருகாது. சூடேறினால் வெள்ளை வெளேரென்று ஒளிரும். ஐரோப்பிய நகரங்களின் கேஸ் விளக்குகளெல்லாம் இந்தச் சாம்பலால்தான் ஒளிர்ந்தன. அதுவரை பிரேசில் கடற்கரை மண்ணை நம்பியிருந்தவர்கள் திருவிதாங்கூர்ப் பக்கம் திரும்பினார்கள். 1914இல் போர் வெடித்ததும் பிரிட்டிஷ் அரசு புகுந்து ஜெர்மானியர் பிடியை விலக்கியது.

அந்தச் சாம்பல் பைக்கு நம் ஊரில் பெயர் மேண்டில்.

ஆமாம், அதேதான். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் நசுக்கினாரே, அது. இது எப்படி எரிகிறது என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். நாற்பது வருஷமாகத் தமிழ்நாடு சிரிக்கிறது; அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் சிரித்தவன்தான். முட்டத்தை நமக்குக் காட்டியதும் சினிமா, அதன் மண்ணை நம் கண் முன்னால் நசுக்கிக் காட்டியதும் சினிமா. இரண்டும் ஒன்றென்று தெரிய எனக்கு ஒரு குளியலறை வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க் கொடையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது மாமாவின் உரிமை. ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்ப் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேண்டிலில் நீலச் சுடர் பிடித்து, புஸ்ஸென்று வெளுத்து, தெரு முழுக்க முகங்கள் தெரியும். நாங்கள் கிட்டே போனால் "மூச்சு விடாதீங்கலே" என்று கத்துவார். மூச்சுப் பட்டாலே உதிர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. இந்தியாவில் மேண்டில் செய்தவர்களுக்குத் தோரியம் நைட்ரேட் கொடுத்தது மத்திய அரசின் இந்திய அரிய மணல் நிறுவனம். ஆக, மாமா கையில் ஆடியது மணவாளக்குறிச்சி மண்ணாக இருக்கலாம், கொல்லம் பக்கத்துச் சவறா மண்ணாக இருக்கலாம். அவருக்கு அது கடையில் வாங்கிய மேண்டில்.

தோரியம் கதிரியக்கப் பொருள்; அணுகுண்டு வந்த பிறகு இந்த மண்ணின் மதிப்பே வேறு. 1947இல் திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் சர் சி.பி. முரண்டு பிடித்தபோது அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் இதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மணல் ஆலையும் நம் எல்லைக்குள் வந்தது. இப்போது கிள்ளியூர் தாலுகாவில் 1,144 எக்டேரில் மண் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. கரை அரிக்கும், புற்றுநோய் பெருகும் என்பது அவர்கள் அச்சம். மண்ணை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்; அவர்களைக் கேட்காமல் ஒரு கூடை அள்ளுவதும் தப்பு என்பதே என் கட்சி.

பட்டியலைப் பற்றித்தானே ஆரம்பித்தேன்? அதை மைத்துனன் மனைவி எப்போதோ அழித்துவிட்டாளாம். குழுவுக்கு அவள்தான் அட்மின்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் பரணிலாவது பிரிக்காத மேண்டில் பாக்கெட் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எரிந்த மேண்டிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். வந்து சேரும்போது உறைதான் மிஞ்சும்.