குழந்தைக்கு 'பெட்சைடு கிரிப்' வாங்கப் போறீங்களா? கடையில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது இல்லை... அமெரிக்காவில் நடந்தது என்ன?

பிரசவத் தேதி நெருங்கும்போது வீட்டில் எழுதப்படும் லிஸ்ட்டில் இப்போது புதிதாக ஒரு பொருள் சேர்ந்திருக்கிறது. பெட்சைடு கிரிப். அதாவது, பெரியவர்களின் கட்டிலை ஒட்டிப் பொருத்தும் சின்னத் தொட்டில். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டால், அம்மா கட்டிலை விட்டு இறங்காமலே குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்கலாம். சிசேரியன் தையல் வலியோடு இரவில் நான்கு முறை எழ வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஆன்லைனில் தேடிப் பார்த்தால் தலை சுற்றும். சாய்வாக இருப்பது, தானாக ஆடுவது, நாலு பக்கமும் பஞ்சு வைத்தது, தலையணை, குட்டிப் போர்வையோடு செட்டாக வருவது என்று ஏகப்பட்ட மாடல்கள். பெரும்பாலும் விலையையும் ஸ்டார் ரேட்டிங்கையும் பார்த்துத்தான் வாங்குகிறோம். "இவ்வளவு பேர் வாங்கியிருக்காங்க, பெரிய கம்பெனி வேற, பாதுகாப்பாத்தானே இருக்கும்?" என்ற நம்பிக்கை.

இதே நம்பிக்கையோடு லட்சக்கணக்கான அமெரிக்கப் பெற்றோர் வாங்கிய தொட்டில்களில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

ஒரு துணி மடிப்பு விலகியதால் இரண்டு உயிர்

2008 ஆகஸ்ட். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் அவசர எச்சரிக்கையை வெளியிட்டது. 'சிம்ப்ளிசிட்டி' என்ற பிராண்டின் கட்டிலோரத் தொட்டில்களை உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்பதுதான் அது.

அந்தத் தொட்டிலில் இறக்கிவிடும் பக்கத்தில் உலோகக் கம்பிகள் இருந்தன. அவற்றை மூடி, வெல்க்ரோ ஒட்டிய ஒரு துணி. துணி சரியாக ஒட்டாமல் விலகினால், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். தொட்டில் கம்பிகளுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டர்தான். இதில் அதைவிட அதிகம். குழந்தையின் உடம்பு வழுக்கி வெளியே போய்விடும், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். இப்படி 2007-ல் ஒன்று, 2008-ல் ஒன்று என இரண்டு பச்சிளம் குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

அதைவிட அதிர்ச்சி அடுத்து நடந்தது. நொடித்துப்போன அந்த நிறுவனத்தின் சொத்துகளை ஏலத்தில் வாங்கிய புதிய நிறுவனம், "பழைய பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று திரும்பப் பெற மறுத்துவிட்டது. கடைசியில் வால்மார்ட் போன்ற கடைகள்தான் தாங்களாக முன்வந்து சுமார் 9 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றன. கட்டிலோரத் தொட்டில்களுக்கென்றே தனியாக ஒரு பாதுகாப்பு விதி அமெரிக்காவில் அமலுக்கு வந்தது 2014-ல்தான்.

47 லட்சம் விற்ற தொட்டில்

இரண்டாவது கதை இன்னும் பெரியது. 2009-ல் புகழ்பெற்ற ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 'ராக் அண்ட் ப்ளே' என்ற தூங்கு தொட்டிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுமார் 30 டிகிரி சாய்வு. லேசாக ஆட்டலாம். மடக்கி எடுத்துப் போகலாம். பால் கக்கும் குழந்தைகள் கூட அதில் நிம்மதியாகத் தூங்கின. பெற்றோர் கொண்டாடினார்கள்.

கனடாவில் கதை வேறு. அதைத் 'தூங்க வைக்கும் பொருள்' என்று விற்க அங்கே அனுமதி கிடைக்கவில்லை. சமாதானப்படுத்தும் இருக்கை என்ற பெயரில்தான் விற்பனையானது. ஒரே பொருள், எல்லைக்கு இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் நாற்காலி!

2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஆணையமும் நிறுவனமும் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மட்டும் எச்சரித்தன. சில நாள்களிலேயே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், 30-க்கும் மேற்பட்ட மரணங்கள் இந்தத் தொட்டிலோடு தொடர்புடையவை என்று அம்பலப்படுத்தியது. ஏப்ரல் 12-ம் தேதி, விற்ற 47 லட்சம் தொட்டில்களையும் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது.

இவ்வளவு மரணங்கள் வெளியே தெரியாமல் இருந்தது எப்படி? அமெரிக்கச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவுதான் காரணம். ஒரு நிறுவனத்தின் பெயரையோ பொருளின் பெயரையோ வெளியிடும் முன், அந்த நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, அது ஆட்சேபிக்க அவகாசமும் கொடுக்க வேண்டும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸுக்கு விவரம் கிடைத்ததே, ஆணையம் பெயர்களை மறைக்காமல் தவறுதலாக அனுப்பிய தரவுகளால்தான். அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால்?

2021-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. இந்தத் தொட்டிலால் நிறுவனம் ஈட்டிய வருவாய் குறைந்தது 20 கோடி டாலர். ஆனால் சந்தைக்குக் கொண்டுவரும் முன் கேட்டது ஒரே ஒரு மருத்துவரின் கருத்தை. அவரும் குழந்தை நல மருத்துவர் இல்லை.

சாய்வாகப் படுத்தால் என்ன ஆகும்?

"கொஞ்சம் தலை உயரமா இருந்தா பால் கக்காது" என்பது நம் வீடுகளிலும் சொல்வதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரச்னை குழந்தையின் கழுத்தில் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் பலம் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. சாய்வான இடத்தில் படுக்கும்போது தலை முன்னால் தொங்கி, முகவாய் நெஞ்சில் முட்டும். இளநீரில் போட்ட ஸ்ட்ரா மடங்கினால் எப்படி இளநீர் வராதோ, அப்படி மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். குழந்தை அழாது, கை காலை உதைக்காது. பார்க்கிறவர்களுக்கு அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும்.

ராக் அண்ட் ப்ளே விவகாரத்துக்குப் பிறகு ஆணையம் ஆய்வு செய்யச் சொன்னபோது இன்னொன்றும் தெரியவந்தது. சாய்வான பரப்பில் குழந்தை எளிதாகக் குப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்ந்தபின் தலையைத் தூக்கி மூச்சு வாங்க, சமதளத்தில் படுத்திருப்பதைவிட அதிகமாகப் போராட வேண்டியிருக்கிறது. சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது. 10 டிகிரிக்கு மேல் சாய்வு கூடாது என்று அந்த ஆய்வு சொன்னது. 2022 மே மாதம் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம், அதற்கு மேல் சாய்ந்த தூங்கு தொட்டில்களையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் தடை செய்தது.

சரி, மல்லாக்கப் படுக்கவைத்தால் கக்கின பால் மூச்சுக்குழாயில் போய்விடாதா? மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கும். மேலே வந்த பால் கீழே இருக்கும் குழாய்க்கே திரும்பும். குப்புறப் போட்டால்தான் இது தலைகீழாகும்.

பக்கத்தில் படுக்கலாம், ஒரே படுக்கையில் வேண்டாம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோர் படுக்கும் அறையிலேயே குழந்தையும் தூங்க வேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் என்று சொல்கிறது. அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் தூக்கத்தில் உயிரிழக்கிறார்கள். அம்மாவின் கைக்கெட்டும் தூரம், ஆனால் தனி இடம் என்ற அளவில் பெட்சைடு கிரிப் நல்ல யோசனைதான். அதில் சந்தேகமே இல்லை.

பிரிட்டனில் மருத்துவர்கள் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது என்று அடித்துச் சொல்வதில்லை. எப்போது மிக ஆபத்து என்று விளக்குகிறார்கள். பெற்றோரில் ஒருவர் புகைபிடிப்பவர், மது அருந்தியிருக்கிறார், குழந்தை குறைமாதத்தில் அல்லது இரண்டரை கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தது என்றால் வேண்டவே வேண்டாம். சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டபடி தூங்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். தலைமுறை தலைமுறையாக அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகப் படுக்கும் நம் ஊருக்கு இந்த அணுகுமுறைதான் கொஞ்சம் ஒத்துவரும்.

தூளி விஷயமும் இங்கே வந்துவிடும். "நாங்கெல்லாம் தூளியில வளரலையா?" என்று பாட்டிகள் கேட்பார்கள். வளர்ந்தோம்தான். ஆனால் ஆட்டுகிற ஒரு கை பக்கத்திலேயே இருந்தது. துணி உடலை 'ப' போல வளைக்கும், கழுத்து மடங்கும் என்ற அதே சிக்கல் இதிலும் உண்டு. தூங்கிய பிறகு சமமான இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணைக்கும் குழந்தையின் படுக்கையில் இடமில்லை.

அப்போ வாங்கும்போது எதைத்தான் பார்ப்பது?

முதலில் மெத்தை. உள்ளங்கையால் அழுத்துங்கள். கை எடுத்ததும் பள்ளம் நிற்கக் கூடாது. நமக்குக் கட்டாந்தரை போலத் தோன்றினால் அதுதான் சரியான மெத்தை. "பாவம், பிள்ளைக்கு உறுத்துமே" என்று மேலே இன்னொரு மெத்தை, மடித்த போர்வை போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு. தொட்டிலோடு வந்த மெத்தை, அதன்மேல் இறுக்கமாக ஒரு துணி. அவ்வளவே.

அடுத்தது இடைவெளி. கட்டிலோரத் தொட்டிலில் மிக முக்கியமானது இதுதான். கடையில் காட்டும்போது கச்சிதமாக ஒட்டியிருக்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், தொட்டில் நகரும், நடுவில் ஒரு சந்து விழும். அதனால் பொருத்தியபின் கட்டிலில் உட்கார்ந்து, புரண்டு படுத்து, தொட்டிலை இழுத்துப் பாருங்கள். பட்டை கட்டிலின் சட்டத்தில் கட்டப்பட வேண்டும், மெத்தைக்கடியில் செருகுவது போதாது. சந்தில் துண்டைத் திணித்து அடைப்பது இன்னொரு ஆபத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான்.

நம் கட்டில்களின் உயரம் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே ஆர்டர் போடும் முன் தரையிலிருந்து மெத்தையின் மேல்பரப்பு வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஐரோப்பாவில் 2019-ல் வந்த தர விதிப்படி, பக்கச் சுவரை இறக்கிய பிறகும் மெத்தைக்கு மேல் குறைந்தது 12 சென்டிமீட்டர் தடுப்பு இருக்க வேண்டும். குழந்தை பெரியவர் கட்டிலுக்கு உருண்டு வராமல் இருக்கவும், அம்மாவின் போர்வையோ சேலைத் தலைப்போ உள்ளே சரியாமல் இருக்கவும்தான் இது. முழுசாக இறங்கிச் சமமாகும் மாடல் பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம்.

கட்டிலே இல்லாத வீட்டுக்கு இந்தத் தொட்டில் தேவையே இல்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் தனியாக, கெட்டியான, சமமான விரிப்பு. சுற்றிலும் தலையணை கிடையாது. பல ஆயிரம் ரூபாய்த் தொட்டில் செய்ய வேண்டிய வேலையும் இதுதானே.

இன்னொரு விஷயம், வயது. குழந்தை கையை ஊன்றி எழ ஆரம்பித்த நாளோடு இந்தத் தொட்டிலின் வேலை முடிந்தது. பெரும்பாலும் ஐந்தாறு மாதம். இவ்வளவு குறுகிய காலத்துக்காக எவ்வளவு செலவழிப்பது என்பது அவரவர் கணக்கு.

தப்பு நடந்தால் யாரைக் கேட்பது?

ஆன்லைன் தளத்தில் யாரோ ஒரு விற்பனையாளர் விற்ற பொருளுக்குத் தளம் பொறுப்பா? அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஆணையம், தன் கிடங்கிலிருந்து அனுப்பும் பொருள்களுக்கு அமேசானும் பொறுப்பு என்று உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் அமேசான் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. அடுத்த சில மாதங்களில் அந்த ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களையே அதிபர் டிரம்ப் நீக்க, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. உலகமே உற்றுப் பார்க்கும் ஒரு கண்காணிப்பு அமைப்பின் பலம் இப்படி ஆட்டம் காண்பது, அங்கிருந்து வரும் எச்சரிக்கைகளை நம்பியிருக்கும் மற்ற நாட்டுப் பெற்றோருக்கும் நல்ல செய்தி இல்லை.

இந்தியாவில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. தரமற்ற பிரஷர் குக்கர்களுக்காக 2022-ல் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டதும் இந்த ஆணையம்தான். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் தொட்டிலில் தொங்கும் கிலுகிலுப்பையில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, தொட்டிலுக்கே கிடைத்த சான்று என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசியாக, அக்கா வீட்டிலிருந்தோ அமெரிக்க உறவினரின் பெட்டியிலிருந்தோ வரும் பழைய தொட்டில். ராக் அண்ட் ப்ளேயை 2023 ஜனவரியில் இரண்டாவது முறையாகத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. பதிவான மரணங்கள் அப்போது சுமார் 100. சில சம்பவங்களின் சூழலை உறுதிசெய்ய முடியவில்லை என்று நிறுவனம் கூறியது. ஆனால் அவற்றில் குறைந்தது 8 மரணங்கள், 2019-ல் திரும்பப் பெறுவதாக அறிவித்த பிறகு நடந்தவை. எனவே அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இணையத்தில் போட்டுத் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருந்தால், பரணில் போடாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். மறுபடி பயன்படுத்த முடியாதபடி துணியை வெட்டி, சட்டத்தை உடைத்துத்தான் குப்பையில் போட வேண்டும்.