ஹாஜி மரிக்காரும் வெல்லஸ்ஸப் போரும்

மாவடிப்பள்ளி வயல்களுக்குப் பாயும் நீர் மேற்கே ஊவா மலைகளில் உற்பத்தியாகி, நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவின் வழியாக நம்மை வந்தடைகின்றது. அந்த மேற்றிசை நாட்டைச் சேர்ந்த வெல்லஸ்ஸவிலேதான், 1817ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பிரித்தானியருக்கு எதிராகக் கண்டி இராச்சியத்து மக்கள் தொடுத்த பெரும் சுதந்திரப் போர் மூண்டது. அதன் தொடக்கத்திலேயே உயிரிழந்தவர்களுள் ஒருவர் ஹாஜி மரிக்கார் என்னும் முஸ்லிம் தலைவர். அவர் அந்நியன் பக்கத்தில் நின்று மடிந்தார் என்பதனாலேயே முஸ்லிம்களாகிய நாம் அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாது மறைத்து வருகின்றோம். இம்மௌனம் நமக்கு நன்மை செய்யவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

கரையோரத்து உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டு சென்ற தவளக்காரருள் முஸ்லிம்கள் பலர். கண்டி மன்னர் காலத்தில் வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் அப்பகுதித் திசாவையின் அதிகாரத்துக்குட்பட்டே வாழ்ந்தனர். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர், பிரித்தானியர் அவர்களை அப்போது திசாவையாயிருந்த மில்லவவின் ஆளுகையினின்று பிரித்தெடுத்து, ஹாஜி மரிக்காரைப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மடிகே முகாந்திரமாக நியமித்தனர். இதனால் கண்டிப் பிரதானிகளின் வருமானமும் கௌரவமும் ஒருங்கே குறைந்தன. அதனால் எழுந்த குரோதம் அடுத்த வீட்டு முஸ்லிமின் மீதும் படர்ந்தது.

கண்டியை ஆண்ட நாயக்க வமிசத்துத் துரைசாமி தாமே என்று உரிமை கோரிய ஒருவர் வெல்லஸ்ஸக் காட்டில் தோன்றியபோது, பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன், அவரைப் பிடித்துவருமாறு ஹாஜி மரிக்காரையே முதலில் அனுப்பினார். மரிக்கார் கிளர்ச்சிக்காரரின் கைதியாகிக் கொல்லப்பட்டார். பின்னர் தாமே புறப்பட்டுச் சென்ற வில்சனும் அம்பு தைத்து மாண்டார்.

இப்போரை இனங்களின் பகையாகச் சித்திரிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிங்களக் குடியானவர் எவருக்காக வில்லேந்தினரோ, அவர் தென்னிந்திய நாயக்க இரத்தத்தை உரிமை கோரியே அரியணை கேட்டார். அவர்களுடைய கோபம் தங்கள் நாட்டை ஆள வந்த அந்நியன் மீதே பிரதானமாக மூண்டது. அக்கோபம் நியாயமானது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஹாஜி மரிக்காரை வீரர் என்று போற்றவும் எனக்கு மனமில்லை, துரோகி என்று தூற்றவும் மனமில்லை. ஆயினும், தனக்கும் அம்புகளுக்கும் இடையே உள்ளூர்த் தலைவர் ஒருவரை முன்னிறுத்திய ஆட்சியின் குற்றத்தை, அவர் சமூகத்தின் தலையில் சுமத்துவது அநீதியிலும் அநீதி.

அதன் பிறகு நிகழ்ந்தவை கொடியவை. கிளர்ச்சியை அடக்குவதற்கெனப் பிரித்தானியரால் அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை அதனுடனேயே சேர்ந்துகொண்டார். தேசாதிபதி பிரவுன்றிக் இந்தியாவிலிருந்து படை வரவழைத்தார். ஊவாவின் வீடுகளும் விளைந்த நெல்லும் கொளுத்தப்பட்டன. போராலும் பசியாலும் நோயாலும் சுதேசிகள் பதினாயிரம் பேர் வரையில் மாண்டிருக்கலாம் என்று, அக்காலத்தில் இலங்கையிலிருந்த மருத்துவர் ஜோன் டேவியே கணித்தார். 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொல போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

துரோகிகள் என்று அன்று பிரித்தானியரால் பிரகடனம் செய்யப்பட்டோரின் மீதிருந்த களங்கத்தை 2016இல் இலங்கை அரசு நீக்கியது. அச்செயலில் நமக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆகவே கல்முனையிலும் சம்மாந்துறையிலும் சரித்திரம் போதிக்கும் ஆசிரியர்கள், பாடநூல் திருத்தப்படும் என்று காத்திராமல், கெப்பெட்டிபொலவின் தியாகத்தையும் ஹாஜி மரிக்காரின் மரணத்தையும் ஒரே பாடவேளையில், ஒரே வகுப்பில் சொல்லிக் கொடுக்கட்டும். வெல்லஸ்ஸப் பகுதியின் பிபிலையிலுள்ள சிங்கள ஆசிரியரும் அவ்வாறே செய்ய முன்வருவாராயின், இரு பகுதி மாணவரையும் ஒருங்கே வெல்லஸ்ஸப் போர் நடந்த இடங்களுக்கு அழைத்துச் செல்லும் செலவை நம் பள்ளிவாசல் நிருவாகங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.