பிடித்த பணம் எங்கே?

அக்கரைப்பற்றில் அரிசி ஆலையிலோ புடைவைக் கடையிலோ உழைப்பவனின் சம்பளத்தில் மாதந்தோறும் 8 வீதம் கழிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக 12 வீதம் சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தவணை தப்பினால், தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் உண்டு. அதற்கும் அசையாதவரிடம், தொழில் ஆணையாளரின் அத்தாட்சிப் பத்திரத்தின்மேல் நீதவான் நீதிமன்றம் அபராதம்போல் அறவிடலாம்.

அரிசி விற்ற காசு இன்னும் வந்து சேரவில்லை என்பர் ஆலைக்காரர். மெய்யாகவும் இருக்கலாம், கடனுக்கு நெல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கமக்காரருக்கு அது தெரியாததன்று. ஆயினும் அந்த 8 வீதம் முதலாளியின் முதலன்று, தொழிலாளியின் அமானிதம். அதை வியாபாரத்தில் புரட்ட அவருக்கு உரிமை தந்தவர் யார்? வங்கிக் கடனுக்கு வட்டியுண்டு. கூலியாளிடம் கேளாமல் எடுத்தால் வட்டியில்லை என்று எண்ணினார் போலும்!

பலர் இதனை அறிவது ஆணாயின் 55, பெண்ணாயின் 50 வயதில், பணம் பெறச் சென்ற பின்னரே. அதற்குள் ஆலை கைமாறியிருக்கும். பழைய சம்பளப் புத்தகமும் மறைந்திருக்கும். முறைப்பாடு வரட்டும் என்று காத்திராமல், தொழில் திணைக்களம் தானே கணக்கேடுகளைப் பரிசோதிக்க வேண்டும். தொழிலாளரும் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அங்கத்துவ இலக்கத்தைக் கொண்டு மத்திய வங்கியில் இப்பொழுதே கணக்கு விசாரிப்பாராக. குறைவிருப்பின், தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடுவாராக.